தேடுவதற்கு ஒரு விலை, மாற்றுவதற்கு ஒரு விலை

(கோவையில் மோட்டார், பம்பு, சொட்டுநீர்ப் பாசனப் பழுதுவேலை செய்வோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'அமெரிக்கப் புல்வெளிப் பாசனத்தில் பழுதுவேலைக்கு விலை வைப்பது எப்படி' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் வாசலிலேயே மடக்கினார்: "வீட்டு முன்னாடி இருக்கற புல்லுக்குத் தண்ணி விடறது ஒரு தொழிலுங்களா?" தொழில்தான். அமெரிக்க வீடுகள் செலவழிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நாளொன்றுக்குச் சுமார் 900 கோடி கேலன், தோட்டத்துக்கும் புல்லுக்கும் போகிறது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் கணக்கில் 3,400 கோடி லிட்டர். அந்தப் புல்லை மேய ஒரு மாடுகூடக் கிடையாது. அது சரியா, தப்பா என்று பேச இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன். இன்றைக்கு என் பேச்சு, அந்தக் குழாய் உடைந்தால் சரிசெய்ய வருகிறவர் எவ்வளவு கேட்பது என்பது மட்டும்.

நான் இந்தத் தொழில் பார்த்தது டெக்சஸில், டாலஸ் நகரத்துக்கு வடக்கே உள்ள புறநகர்களில். அங்கே மண் கரிசல். நம் கோவில்பட்டிப் பக்கத்து மண் மாதிரியே மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணுக்குள் ஓரடிக்கும் குறைந்த ஆழத்தில் பிவிசி குழாய் ஓடுகிறது. மண் நகர்ந்தால் குழாயின் இணைப்பு விட்டுப்போகும். அதனாலேயே அந்த ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சம் கிடையாது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் நிறுத்தும் அறையின் சுவரில் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். 120 வோல்ட்டை 24 வோல்ட் ஏசியாக இறக்கி, மண்ணுக்குள் போகும் ஒயர்களில் அனுப்பும். தோட்டம் பல ஸோன்களாகப் பிரிந்திருக்கும். ஸோனுக்கு ஒரு வால்வு, வால்வின் தலையில் ஒரு சோலனாய்டு. கரண்ட் வந்ததும் வால்வு திறக்கும். தண்ணீரின் அழுத்தத்தில், புல்லுக்குள் பதுங்கியிருக்கும் ஸ்பிரிங்க்ளர் ஹெட்டுகள் நான்கு அங்குலம் எழும்பித் தெளிக்கும். நின்றதும் மறுபடி உள்ளே இறங்கிவிடும். எல்லாம் விடியற்காலையில், வீட்டுக்காரர் தூங்கும்போது நடக்கும். ஆகவே பழுதானால் அவருக்குத் தெரிவது ஜூலை மாத வெயிலில் ஒரு பக்கத்துப் புல் மட்டும் காய்ந்த பிறகுதான். டாலஸ் நகரில் 2012 முதல் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஸ்பிரிங்க்ளர் ஓட்டக்கூடாது. கையால் தண்ணீர் விட்டுச் சமாளிக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. போன் வரும்போதே அவசரமாகத்தான் வரும்.

போனில் கேட்கும் முதல் கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான். "எவ்வளவு ஆகும்?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்னால் நம்முடைய ஒரு மணி நேரம் நமக்கே எவ்வளவுக்கு அடங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் 80 டாலர் வாங்குகிறார், நாம் 75 வாங்குவோம் என்று ஆரம்பிக்கிறார்கள். அவரும் இன்னொருவரைப் பார்த்து அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்.

ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைப்பவை, உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக்கு மணிக்கு 25 டாலர் சம்பளம். வாரம் 40 மணி, வருஷத்துக்கு 52 வாரம், ஆக 2,080 மணி. சம்பளம் 52,000 டாலர். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளில் முதலாளி கட்ட வேண்டிய பங்கு 7.65 சதவீதம், அது ஏறக்குறைய 4,000. வண்டி, பெட்ரோல், கருவி, இன்சூரன்ஸ், உரிமக் கட்டணம், அலுவலகத்தில் போன் எடுப்பவரின் சம்பளத்தில் ஒரு பங்கு, எல்லாம் சேர்த்து 40,000 என்று வையுங்கள். மொத்தம் 96,000. இதை 2,080-ஆல் வகுத்தால் மணிக்கு 46 டாலர் வருகிறது.

இந்த 46-ஐ நம்பித்தான் ஆட்கள் கடையை மூடுகிறார்கள். 2,080 என்பது நாம் சம்பளம் கொடுக்கிற மணி. வாடிக்கையாளர் நமக்குக் காசு கொடுக்கிற மணி அது இல்லை. விடுமுறை, மழை நாள், வண்டி ஓடுகிற நேரம், சாமான் கடையில் நிற்கிற நேரம், மதிப்பீடு சொல்லிவிட்டு வேலை கிடைக்காமல் திரும்புகிற நேரம், செய்த வேலையையே இன்னொரு தடவை போய்ப் பார்க்கிற நேரம் எல்லாம் போக, பாதி மணிக்கு பில் போட முடிந்தால் அது நல்ல கடை. பாதி என்றால் 1,040. இப்போது வகுத்துப் பாருங்கள், 92 டாலர். 46-தானே ஆகிறது, 60 கேட்டால் லாபம் என்று நினைக்கிறவர் ஒவ்வொரு மணிக்கும் 32 டாலர் கைக்காசு போட்டு வேலை செய்கிறார்.

லாபம் வைப்பதிலும் ஒரு சின்னக் குழி இருக்கிறது. விற்கிற விலையில் 40 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். 92-க்கு மேல் 40 சதவீதம் கூட்டி 129 டாலர் என்று பட்டியல் போடுகிறார். அவர் நினைத்தது அதில் கிடைக்காது. விலையில் 40 மிஞ்ச வேண்டுமென்றால் 92-ஐ 0.60-ஆல் வகுக்க வேண்டும், 153 வரும். இடையில் 24 டாலர் காணாமல் போகிறது, அதுவும் ஒவ்வொரு மணிக்கும். சாமான் விலைக்கும் இதே கதைதான்.

இதுவரை சொன்னது கணக்கு. காகிதமும் பென்சிலும் இருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஒரு மணிக்கு இவ்வளவு என்று தெரிந்துவிட்டது. ஆனால் இந்த வேலை எத்தனை மணி நேரம் பிடிக்கும்?

இரண்டு வீட்டைச் சொல்கிறேன். முதல் வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் ஹெட்டின் தலையைச் சீவிவிட்டது. தண்ணீர் பீறிடுகிறது, தெருவில் போகிறவருக்கே பழுது எங்கே என்று தெரியும். சுற்றி மண்ணை எடுத்து, பழையதைத் திருகிக் கழற்றி, குழாயில் விழுந்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவி, புதியதை மாட்டி, தெளிக்கும் கோணத்தைத் திருப்பி வைத்தால் முடிந்தது. கை பழகியவருக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று நன்றாகத் தெரியும். இதற்குக் கட்டு விலை, அதாவது நேரம் கூடினாலும் மாறாத ஒரே தொகை, சொல்லிவிடலாம், சொல்லவும் வேண்டும். வந்த இடத்தில் இரண்டாவது ஹெட்டும் உடைந்திருந்தால் அதற்குக் குறைந்த விலை. வண்டி ஏற்கெனவே வாசலில் நிற்கிறதே.

இரண்டாவது வீடு. ஐந்தாம் ஸோன் ஓடவில்லை. கன்ட்ரோலரில் அந்த ஒயரைக் கழற்றி மீட்டர் வைக்கிறோம். நல்ல சோலனாய்டு என்றால் 20 முதல் 60 ஓம் வரை காட்டும். சுழியை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். இங்கே எதுவும் காட்டவில்லை, ஓப்பன். காயில் எரிந்திருக்கலாம். ஜாயின்டில் தண்ணீர் புகுந்து செம்பு பச்சையாகப் பூத்து அரித்துப் போயிருக்கலாம். நான்கு வருஷத்துக்கு முன்னால் யாரோ மரம் நட்டபோது ஒயரை வெட்டியிருக்கலாம். வால்வைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். வால்வு எங்கே?

அதுதான் யாருக்கும் தெரியாது. பச்சை மூடி போட்ட பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஆனால் வீடு இரண்டு கை மாறியிருக்கிறது. இடையில் ஒருவர் பூச்செடிப் பாத்தியை அகலப்படுத்தி மூடியின் மேல் அரையடி மண்ணும் மரப்பட்டைத் தூளும் போட்டிருக்கிறார். வரைபடம் இல்லை. டிரான்ஸ்மிட்டரை ஒயரில் மாட்டி, காதில் ஹெட்போன் வைத்து, கையில் ஆன்டெனாக் கோலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டபடி ஒயர் போகும் வழியைத் தொடர வேண்டும். பக்கத்திலேயே மற்ற ஒயர்களும் ஓடுவதால் சத்தம் ஏமாற்றும். தோண்டுவதற்கு முன்னால் 811 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். கேஸ், மின்சாரம், கேபிள் நிறுவனங்கள் இலவசமாக வந்து தங்கள் லைன்களைத் தரையில் பெயின்ட்டால் குறித்துவிட்டுப் போகும். ஸ்பிரிங்க்ளர் ஒயரைக் குறித்துத் தர யாரும் வர மாட்டார்கள், அது வீட்டுக்காரரின் சொத்து. குறித்து முடிய இரண்டு வேலை நாள் ஆகலாம், அப்படியென்றால் இன்னொரு தடவை வண்டி கிளம்ப வேண்டும். கடைசியில் பெட்டி கிடைத்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே தீ எறும்புப் புற்று. அதைச் சமாளித்து, ஜாயின்டை வெட்டி, கிரீஸ் அடைத்த புது கனெக்டர் போட்டால் ஸோன் ஓடுகிறது. சரிசெய்ய ஆனது கால் மணி. கண்டுபிடிக்க ஆனது காலைப் பொழுது முழுவதும்.

இந்த இரண்டாவது வீட்டுக்கு என்ன விலை சொல்வது? கட்டு விலை சொன்னால் மாட்டிக்கொள்வோம். அல்லது மாட்டிக்கொள்ளக் கூடாதென்று எல்லோருக்கும் பயத்தையும் சேர்த்து விலை வைப்போம். வால்வு கண்ணுக்கு எதிரே இருக்கிற வீட்டுக்காரர் காணாமல் போன வால்வுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார். சரி, மணிக்கு இவ்வளவு, எத்தனை மணி ஆகிறதோ ஆகட்டும் என்று சொன்னால்? வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாலும் அவர் மனதில் மீட்டர் ஓடும். அவரைக் குறை சொல்ல முடியாது. முடிவு தெரியாத பில்லில் யார்தான் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள்?

நான் சொல்ல வந்தது இதைத்தான். பழுதுவேலை என்று நாம் ஒரே பெயரில் விற்பது இரண்டு சரக்கு. ஒன்று தேடுவது, இன்னொன்று மாற்றுவது. மாற்றும் வேலையின் நேரம் நமக்குத் தெரியும், அதில் நேரம் கூடினால் அது நம் பொறுப்பு. அதனால் அதற்குக் கட்டு விலை. தேடும் வேலையின் நேரம் நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதற்கு மணிக் கணக்கு, ஆனால் ஒரு எல்லையோடு. "இரண்டு மணி நேரம் தேடுகிறேன், அதற்கு இவ்வளவு. அதற்குள் கிடைக்காவிட்டால் நிறுத்திவிட்டு உங்களிடம் வருவேன். நீங்கள் சொல்லாமல் மூன்றாவது மணி ஆரம்பிக்காது." இதை எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி எழுதிக் கொடுத்தால், மணிக் கணக்கு என்றதும் முகம் சுளிக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

எல்லை தீர்ந்த பிறகு அவரிடம் போகும்போது கையில் மாற்று வழி ஒன்று இருக்க வேண்டும். தேடுவதை விட்டுவிட்டு, தண்ணீர் லைனில் நமக்குத் தெரிந்த இடத்தில் புது வால்வு போட்டுப் புது ஒயர் இழுக்க இவ்வளவு, அது கட்டு விலை. அவர் எதைத் தேர்ந்தாலும் நமக்கு நஷ்டம் இல்லை. இரண்டும் வேண்டாம் என்றால் இரண்டு மணிக்கான காசை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

இது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். இந்த அரங்கில் பாதிப் பேருக்குமேல் போர்வெல் மோட்டார் வேலை தெரியும். ஆழத்தில் கிடக்கும் சப்மெர்சிபிளைத் தூக்கி இறக்க ஒரு கூலி, அது அடிக்கணக்கில் போகும். மேலே வந்த மோட்டாருக்குக் காயில் கட்ட இன்னொரு கூலி, அது ஹெச்பி கணக்கில் போகும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி யாரும் விலை பேசுவதில்லை. தோட்டத்துக்காரரும் ஏன் இரண்டு கூலி என்று கேட்பதில்லை. ஆனால் அதே ஆள் வீட்டுக்குள் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்க்க வந்தால், "சும்மா பாத்துட்டுப் போறதுக்கு என்ன காசு?" என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற உழைப்புக்குக் கூலி கொடுக்கிற மனம், கண்டுபிடிக்கிற உழைப்புக்குக் கொடுக்கத் தயங்குகிறது. இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஸ்டைன்மெட்ஸ் என்ற எஞ்சினியர் கதையைச் சொல்வார்கள். ஃபோர்டு தொழிற்சாலை ஜெனரேட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார், 10,000 டாலர் பில் போட்டார், கோடு போட ஒரு டாலர், எங்கே போடுவது என்று தெரிந்ததற்கு 9,999 டாலர் என்று பிரித்துக் காட்டினார் என்று. நல்ல கதை. ஃபோர்டு அளவுக்குப் பணம் உள்ள வாடிக்கையாளர் கிடைத்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். மற்றபடி அந்தக் கதையை நம்பி விலை வைக்க முடியாது.

வருகைக் கட்டணத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகவர 30 மைல் என்றால், 2025-இல் அமெரிக்க வருமான வரித் துறை வண்டிச் செலவுக்கு ஒத்துக்கொண்ட மைலுக்கு 70 சென்ட் கணக்கில் 21 டாலர். முக்கால் மணி ஓட்டத்துக்கு ஆளின் சம்பளம் வரியோடு 20 டாலர். மீட்டரை வெளியே எடுப்பதற்கு முன்பே 41 டாலர் போய்விட்டது. ஆகவே வருகைக்கும் முதல் பரிசோதனைக்கும் சேர்த்து ஒரு தொகையைப் போனிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தொகைக்கு அவருக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்கவும் வேண்டும். எல்லா ஸோனையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, எங்கே என்ன பழுது, எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் வேறு ஆளைக் கூப்பிட்டாலும் கவலையில்லை. அதற்கான காசு வந்துவிட்டது.

நிறையக் கடைகள், "வேலையை எங்களிடமே கொடுத்தால் வருகைக் கட்டணம் கிடையாது" என்று விளம்பரம் போடுகின்றன. இங்கேயும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மாற்றினால்தான் காசு என்று ஆகிவிட்டால், போகிற ஆளுக்கு ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடும். கன்ட்ரோலரில் மழை நாள் நிறுத்தத்தை யாரோ அழுத்திவிட்டார்கள், அதைத் திருப்பி வைத்தால் போதும் என்ற வீட்டில்கூட அவன் ஒரு சோலனாய்டை மாற்றிவிட்டு வருவான். மெக்கானிக்குக்குக் கமிஷனும் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கட்டு விலைப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. கார் பழுதுத் தொழிலில் அது பழையது, இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் என்று அச்சிட்ட புத்தகங்களே இருந்தன. பிளம்பிங் தொழிலில் அதைப் பரப்பியவர்களில் மில்வாக்கி நகரத்துப் பிளம்பர் ஃபிராங்க் பிளாவ் முக்கியமானவர். உன் செலவை நீ கணக்குப் போடு, அடுத்தவன் விலையைப் பார்த்து வைக்காதே என்பதைப் பிளம்பிங் பத்திரிகைகளில் ஓயாமல் எழுதினார். அவருக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர் வழி வந்த சிலர், மணிக் கணக்கை வாடிக்கையாளர் கண்ணிலேயே காட்டாதே, எல்லாவற்றுக்கும் பட்டியல் போடு என்கிற அளவுக்குப் போனார்கள். குழாய் சுவருக்குள் இருக்கும் பிளம்பிங்குக்கு அது ஓரளவு சரிப்பட்டு வரலாம். வால்வே எங்கே என்று தெரியாத தோட்டத்துக்கு அது சரிப்படாது.

இன்னொன்று, சட்டம் கூட்டும் செலவு. டெக்சஸில் ஸ்பிரிங்க்ளர் வேலைக்கு மாநில உரிமம் வேண்டும். உரிம எண்ணை வண்டியின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுத வேண்டும். பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தால், மழை பெய்யும்போது பாசனத்தை நிறுத்தும் சென்சாரோ அதற்கு ஈடான ஏற்பாடோ கூடவே இருந்தாக வேண்டும். கன்ட்ரோலருக்கு மட்டும் விலை சொன்னவர் சென்சாரைத் தன் பையிலிருந்து மாட்டுவார், இல்லையென்றால் விதியை மீறுவார். பட்டியலில் அந்த இரண்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் டெக்சஸே உறைந்தது. 16ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். வடக்கே மினசோட்டா, கொலராடோ பக்கமெல்லாம் குளிர்காலத்துக்கு முன் கம்ப்ரஸர் வைத்துக் குழாயில் உள்ள தண்ணீரை ஊதி வெளியேற்றுவார்கள். டாலஸில் பெரும்பாலும் அந்தப் பழக்கம் கிடையாது. தோட்டத்துத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் பித்தளை வால்வுகள், தரைக்கு மேலே நின்றவை, தெருத் தெருவாக வெடித்தன. சாமான் கிடைக்கவில்லை. போன் ஓயவில்லை. கேட்ட விலை கொடுக்க ஆள் இருந்தார்கள். பேரிடர் அறிவித்த காலத்தில் அத்தியாவசியப் பொருளுக்கு அநியாய விலை வாங்குவதை அங்கே சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும். இரவு வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கூடுதல் விலை என்று முன்பே பட்டியலில் அச்சிட்டிருந்தால் அதை வாங்குவதில் தப்பில்லை, ஆளுக்கு நாமும் ஓவர்டைம் கொடுக்கிறோம். அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து விலையை ஏற்றியவர்களும் இருந்தார்கள். அடுத்த கோடையில் அந்தத் தெருவில் அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

உத்தரவாதம் பற்றி ஒன்று. ஒரு கசிவை அடைத்ததும் குழாயில் அழுத்தம் பழையபடி ஏறும். அடுத்த பலவீனமான இணைப்பு அப்போதுதான் விடும். வீட்டுக்காரருக்கு அது நேற்று நீங்கள் செய்த வேலை கெட்டுப்போனது போலத்தான் தெரியும். இப்படி நடக்கலாம் என்று வேலைக்கு முன்னால் சொன்னால் அது விளக்கம், நடந்த பிறகு சொன்னால் அது சாக்கு. பில்லில் எந்த இடத்து இணைப்புக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்று எழுதி, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிறு கசிவுதானே, விட்டுவிடலாம் என்றால் ஒன்றைச் சொல்லுங்கள்: ஓர் அங்குலத்தின் 32-இல் ஒரு பங்கு ஓட்டைகூட மாதத்துக்கு ஏறக்குறைய 6,300 கேலன் தண்ணீரைக் குடித்துவிடும் என்பது அதே சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. சுமார் 24,000 லிட்டர், நம் ஊரில் இரண்டு பெரிய டேங்கர் லாரி.

முன் வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. வாடிக்கையாளரே சாமானை ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொண்டு மாட்டித் தரச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அங்கேயும் தினம் நடப்பதுதான். சோலனாய்டை 20 டாலர் வாக்கில் வாங்கி வைத்திருப்பார், நம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது கடையில் இவ்வளவுதானே?" என்பார். சண்டை போட வேண்டாம். மாட்டிக் கொடுங்கள். கூலிக்குப் பட்டியல் விலை அப்படியே, சாமானுக்கு நம் உத்தரவாதம் கிடையாது, அது கெட்டால் மறுபடி வர வருகைக் கட்டணம் உண்டு. இந்த மூன்றையும் பில்லில் எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். அடுத்த சீட்டு இருந்தால் கொடுங்கள்.